கொஞ்சம் டார்ச்சைப் பிடி

மனிதர்களில் ஒரு வகை உண்டு. கடையில் இருக்கிற பொருளை வாங்குவதற்காகப் பார்க்காமல், எப்படிச் செய்திருக்கிறான் என்று தெரிந்துகொள்வதற்காகவே பார்க்கிறவர்கள். ஒரு பொருளைக் கையில் எடுத்தால் நீங்களும் நானும் முன்பக்கத்தைப் பார்ப்போம். இவர் தலைகீழாகத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்ப்பார். திருகாணி எங்கே இருக்கிறது என்று விரலால் தடவுவார். காதோரம் வைத்து ஆட்டுவார். பிறகு பெரிய மோசடி ஒன்றைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டவர் போலச் சிரித்து, பொருளைத் திரும்ப அடுக்கிலேயே வைத்துவிட்டு, பக்கத்தில் நிற்கும் மனைவியிடம் சொல்வார்:

"இதுல என்ன இருக்கு? நானே செஞ்சிடுவேன்."

அவ்வளவுதான். அந்தக் குடும்பத்தின் நிம்மதி அங்கேயே முடிந்தது.

இவருக்கு 'நானே செய்வார்' என்று பெயர் வைத்துக்கொள்வோம். அலுவலகத்தில் இவரைக் கண்டுபிடிக்கவே முடியாது. சட்டையை ஒழுங்காக உள்ளே விட்டுக்கொண்டு, மற்றவர்களைப் போலவே கொட்டாவி விட்டு, மற்றவர்களைப் போலவே கோப்புகளை நகர்த்திக்கொண்டிருப்பார். இவரது உண்மையான சொரூபத்தைப் பார்க்க வேண்டுமென்றால் வீட்டுக்குள் போக வேண்டும். பழைய பனியனோடு, வாயில் ஸ்க்ரூ டிரைவரைக் கவ்விக்கொண்டு, தரையில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் போக வேண்டும். வீட்டோடு இருந்து நோயாளிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அதனால் வரவேற்பறையோடு திரும்பிவிடும் விருந்தாளிகள் பார்க்காததையெல்லாம் பார்க்கக் கிடைத்திருக்கிறது. சக்கர நாற்காலிக்கு ஹாரன் பொருத்திய மகனைப் பார்த்திருக்கிறேன். மாமியாரின் மாத்திரை நேரத்தைச் சொல்லும் கருவி செய்கிறேன் என்று ஆரம்பித்து, அதைச் செய்கிற மும்முரத்தில் மாத்திரை கொடுக்க மறந்த மருமகனையும் பார்த்திருக்கிறேன்.

இவர் வீட்டில் ஓர் இழுப்பறை கட்டாயம் இருக்கும். அதைத் திறக்க முடியாது. பாதி திறந்ததும் உள்ளே ஏதோ ஒன்று எழுந்து நின்று தடுக்கும். செத்துப்போன போன்களின் சார்ஜர்கள், தலையில்லாத பொம்மையின் மோட்டார், எந்தப் பூட்டுக்கும் சேராத சாவிகள், எதிலிருந்து கழற்றியது என்று கழற்றியவருக்கே தெரியாத திருகாணிகள். தூக்கிப் போடலாமா என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளையைத் தத்துக் கொடுக்கச் சொன்ன மாதிரி பதறுவார். "எப்பவாவது ஒதவும்." அந்த எப்பவாவது வந்ததை நான் பார்த்ததில்லை.

பேசுவதற்கும் இவருக்கு அதிகச் சொற்கள் தேவையில்லை. "இதுல என்ன இருக்கு?" என்று ஆரம்பிப்பார். "ரெண்டே நிமிஷம்" என்று தொடர்வார். மூன்றாவது வாக்கியம்தான் மற்றவர்கள் தலையில் விடிவது: "கொஞ்சம் டார்ச்சைப் பிடி."

டார்ச் பிடிப்பது சின்ன வேலை என்று நினைக்கிறவர்கள் பிடித்துப் பார்த்ததில்லை. அவர் கண் எங்கே போகிறதோ அங்கே வெளிச்சம் போக வேண்டும். கண் எங்கே போகும் என்று சொல்ல மாட்டார்.

"அங்க இல்ல, இங்க."

"இங்கன்னா எங்க?"

"என் கை இருக்கற எடத்துல."

"உங்க கைதான் மறைக்குது."

"அப்ப அந்தப் பக்கமிருந்து பிடி. ஐயோ, கண்ணுல அடிக்காத!"

விவாகரத்து கேட்டு வருகிற தம்பதிகளிடம் நீதிபதிகள் என்னென்னவோ விசாரிக்கிறார்கள். வீட்டில் டார்ச் இருக்கிறதா என்று முதலில் கேட்டால் பாதி வழக்கு புரிந்துவிடும்.

இவ்வளவும் பொதுவாகச் சொன்னது. இனி, நான் வேலை பார்த்த ஒரு வீட்டை மட்டும் சொல்கிறேன். அங்கே இருந்தவர் சாதாரண நானே செய்வார் இல்லை. மீன் தொட்டிக்கு விளக்குச் செய்த நானே செய்வார். இந்த இனத்தின் உச்சம் அது.

அவர் வேலை பார்த்தது ஒரு காப்பீட்டு அலுவலகத்தில். வீட்டில் அவருக்குப் பெயர் 'இன்ஜினியர்'. வைத்தவர் அவர் மனைவி. கேலியாகத்தான் வைத்தார், முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார். அவர் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவே இல்லை, பட்டமாக வாங்கிக்கொண்டார்.

நான் பார்த்துக்கொள்ளப் போனது அவருடைய அப்பாவை. வாழ்நாள் முழுக்க லாரி ஓட்டியவர், பருத்த கழுத்து, உரத்த குரல். மூளையில் ரத்தக்குழாய் அடைத்து இடது கையும் இடது காலும் பலமிழந்துவிட்டன. பேச்சு குழறியது. இவையெல்லாம் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்த கஷ்டங்கள். கண்ணுக்குத் தெரியாத கஷ்டம் ஒன்று இருந்தது. அவருக்கு இடது பக்கம் என்ற ஒன்றே உலகத்தில் இல்லாமல் போயிருந்தது. பார்வை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மூளை இடது பக்கத்தைக் கணக்கில் சேர்ப்பதை விட்டுவிட்டது. தட்டில் வலது பாதியை மட்டும் சாப்பிட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் போடு என்பார். இடது பாதி அப்படியே இருக்கும். வலது கன்னத்தை மட்டும் சவரம் செய்துகொண்டு, முடிந்தது என்று கண்ணாடியை நீட்டுவார். இடது பக்கம் போய் நின்று பேசினால், வலது பக்கம் திரும்பி ஆளைத் தேடுவார்.

பயிற்சி கொடுக்க வந்த பிசியோதெரபிப் பெண் கறாரானவள்.

"இடது பக்கம்னு ஒண்ணு இருக்குன்னு அவருக்கு உறைக்கணும், நர்சம்மா. அதுக்கு முன்னால வாக்கர் கொடுக்க மாட்டேன். கொடுத்தா முதல் கதவுலயே இடிச்சு விழுவார்."

வாக்கர் வந்தால் பெரியவர் பாத்ரூமுக்கு நடந்து போகலாம். அவர் கேட்டதெல்லாம் அது ஒன்றைத்தான். பெட்பேன் வைக்கிறபோதெல்லாம் கண்ணை இறுக்க மூடிக்கொள்வார். எடுத்துக்கொண்டு போகிற வரைக்கும் திறக்க மாட்டார். மருமகள் வைத்தால் மூச்சைக்கூட விடமாட்டார். "நடந்து... போகணும்" என்று குழறுவார். நன்றாக இருந்த காலத்தில் ஊர் ஊராகப் போன மனிதருக்கு இப்போது போக வேண்டியிருந்த ஊர் பாத்ரூம்தான்.

பெரியவரின் கட்டிலுக்கு வலது பக்கம் ஜன்னல், ஜன்னலடியில் சோபா. இடது பக்கம் வெறும் மூலை. அந்த மூலையில் அசைகிற மாதிரி, பார்க்கத் தோன்றுகிற மாதிரி ஏதாவது வைக்கச் சொன்னாள் பிசியோ பெண். டிவி வைத்தால் பெரியவர் கண்ணை மூடித் தூங்கிவிடுவார். மீன் தொட்டி வைக்கலாமே என்றார் மருமகள். நல்ல யோசனை. தவறு எங்கே நடந்தது என்றால், வாங்கப் போனபோது புருஷனைக் கூட்டிக்கொண்டு போனதில்தான்.

பெரியவரைப் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் வந்து பார்த்துக்கொள்ள, தொட்டி எந்த உயரத்தில் வேண்டும் என்று சொல்வதற்காக என்னையும் அழைத்துப் போயிருந்தார்கள். கடைக்காரர் பொறுமைசாலி.

"இது வெறும் மீன் தொட்டி இல்ல சார், உள்ள உயிர்ச்செடி வளருது. செடிக்கு லைட்டுதான் சாப்பாடு. லைட்டு குறைஞ்சா அழுகும், கூடினா பாசி பிடிக்கும். அதுக்குன்னே அளவா செஞ்ச லைட்டு இது."

இன்ஜினியர் அதற்குள் விளக்கைத் தலைகீழாகத் திருப்பிவிட்டார்.

"ஒரு அலுமினியச் சானல். ஒரு எல்.இ.டி. பட்டை. ஒரு அடாப்டர். இதுக்குப் போயி இந்த விலையா?"

"ஏங்க, லைட்டோடயே வாங்கிடலாமே."

"நீ சும்மா இரு. இதுல என்ன இருக்கு? பாதி விலைகூட ஆகாது. தொட்டி, மீனு, செடி, இது மட்டும் போடுங்க. லைட்டை நான் பாத்துக்கறேன்."

கடைக்காரர் வாதாடவில்லை. விளக்கைத் துடைத்து இருந்த இடத்திலேயே வைத்தார். "செஞ்சு பாத்துட்டு வாங்க சார். நான் இங்கதான் இருப்பேன்."

தொட்டி வந்து மூலையில் உட்கார்ந்தது. மூலையோ இருட்டு. உள்ளே மீன் இருக்கிறதா, வெறும் தண்ணீர்தானா என்று குனிந்து பார்த்தால்தான் தெரியும். பெரியவர் வலது பக்கம் திரும்பி ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். விளக்கு வருகிற வரைக்கும் அவருக்கு இடது பக்கம் வராது. விளக்கு எப்போது வரும்? ரெண்டே நிமிஷம்.

முதலில் ஆராய்ச்சி. ஆராய்ச்சி சோபாவில் நடந்தது. காலை நீட்டிக்கொண்டு, முகம் தெரியாத எவரெவரோ எங்கெங்கோ விளக்குச் செய்வதை வீடியோவில் பார்த்துக்கொண்டே இருந்தார். உண்கிறபோதும் பார்த்தார். கூப்பிட்டால் காது கேட்காது. எப்போதாவது வாய் திறந்தால் லூமென் என்பார், கெல்வின் என்பார்.

"அடுப்பை அணைச்சிட்டீங்களா?"

"ஆறாயிரத்தி ஐநூறு கெல்வின்."

"என்னது?"

"பகல் வெளிச்சம். செடிக்கு அதுதான் சரி."

அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது.

தொட்டியில் இருந்த ஐந்தாறு செடிகளுக்கும் வாயில் நுழையாத பெயர்களை மனப்பாடம் செய்துகொண்டார். அப்பாவின் மாத்திரைப் பெயர் ஒன்றுகூட அவருக்குத் தெரியாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. மாத்திரையை வீட்டில் செய்ய முடியாது. அதனால் ஆர்வம் வரவில்லை.

அடுத்தது பொருள் சேகரிப்பு. இங்கேதான் வீடு இருளத் தொடங்கியது. எல்.இ.டி. பல்பின் வெள்ளை மண்டையைத் திருகி எடுத்தால் உள்ளே வட்டத் தட்டில் சின்னச் சின்ன விளக்குப் புள்ளிகள் ஒட்டியிருக்குமாம். அந்தத் தட்டு மிகவும் நல்ல பொருளாம். அதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து அந்த வீட்டில் மாட்டிய பல்பு மாட்டிய இடத்தில் இருக்கவில்லை. மாடிப்படி இருண்டது. அலமாரிப் பக்கம் இருண்டது. ஒரு மீன் தொட்டிக்கு வெளிச்சம் கொடுக்க ஒரு வீடே கண்ணை மூடிக்கொண்டது.

"மாடிப்படி பல்பு எங்க?"

"டெஸ்டிங்ல இருக்கு."

"நான் அங்க தடுக்கி விழுந்தா?"

"டார்ச் எடுத்துட்டுப் போ."

இதையெல்லாம் நான் கண்டுகொள்ளவில்லை. புருஷன் பெண்டாட்டி விவகாரம். ஆனால் ஒருநாள் மத்தியானம் பெரியவர் டம்ளரால் கட்டில் கம்பியைத் தட்டிக்கொண்டிருந்தார். கூப்பிடுவதற்கென்று தலைமாட்டில் அவருக்கு ஒரு மணி உண்டு. பொத்தானை அழுத்தினால் சமையலறை வரை கேட்கும். அழுத்தி அழுத்திப் பார்த்திருக்கிறார். அடிக்கவில்லை. மணியின் அடாப்டர் மாயமாகியிருந்தது.

நேராக இன்ஜினியரிடம் போனேன்.

"தம்பி, பெல்லு அடாப்டர் எங்க?"

"அதுவா? பன்னெண்டு வோல்ட்டு நர்சம்மா! நம்ம பட்டைக்கு அளவெடுத்த மாதிரி பொருந்துது. ரெண்டு நாள் இருக்கட்டும்."

"ரெண்டு நாள் உங்கப்பா எப்படிக் கூப்பிடுவாரு?"

யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "டம்ளர் நல்லாக் கேக்குதே?"

அவர் கையிலிருந்து அடாப்டரைப் பிடுங்கிக்கொண்டு வந்து மணியிலேயே மாட்டி, மேலே மருத்துவமனைப் பிளாஸ்திரியைச் சுற்றினேன். நானே செய்வாரிடம் புத்தி சொல்லிப் பயனில்லை. பிளாஸ்திரி பயன்படும்.

வேறு அடாப்டர் தேடி, இழுப்பறையோடு மல்லுக்கட்டி, முதல் விளக்கு பிறந்தது. சாப்பாட்டு டப்பாவின் பிளாஸ்டிக் மூடி; அதில் சமையலறை அலுமினியத் தாள்; அதன்மேல் ஒட்டிய எல்.இ.டி. பட்டை. தொட்டிமேல் கவிழ்த்து வைத்து எங்களையெல்லாம் வரிசையாக நிற்க வைத்தார். எரிந்தது. மீன் தெரிந்தது. பெரியவரின் தலை அசைந்து, இடது பக்கம் பாதி தூரம் வந்தது. நான்கூட ஒரு கணம் நம்பிவிட்டேன். மறுநாள் பட்டை சூடேறி, பசை இளகி, நாக்கைத் தொங்கப் போட்டாற்போல் ஒரு முனை தண்ணீரை நக்கிக்கொண்டிருந்தது. ஓடிப் போய் சுவிட்சை அணைத்தேன்.

"தோத்துடுச்சா?" என்றார் மனைவி.

"இது தோல்வி இல்ல. டெஸ்ட் மாடல்."

"மீனுக்கு ஷாக் அடிச்சிருந்தா?"

"பன்னெண்டு வோல்ட்டுல மீன் சாகாது."

"என் டப்பா மூடி செத்துடுச்சே."

இரண்டாவது விளக்குக்கு ஜன்னலில் ஓடும் அலுமினியச் சானல் ஒரு துண்டு கிடைத்தது. சூடு அதில் தங்காது, வழிந்துவிடும் என்று விளக்கினார். உண்மைதான். சூடு தங்காது என்று தெரிந்ததும் ஆசை தங்கவில்லை. சேர்த்து வைத்த அத்தனை பட்டையையும், அத்தனை பல்புத் தட்டுகளையும் ஓர் அங்குலம் விடாமல் ஒட்டிவிட்டார். சுவிட்சைப் போட்டார். அறையில் சூரியன் விழுந்தது. என் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். மீன்கள் கல்லுக்குப் பின்னால் போய் ஒளிந்தன. பெரியவர் கண்ணை இடுக்கி, முகத்தைச் சுளித்து, வலது கையால் நெற்றியை மறைத்துக்கொண்டு, நோய் வந்தபிறகு முதல் முறையாகத் தெளிவாக ஒரு வாக்கியம் கத்தினார்:

"டேய், டிம் அடிடா!"

எதிரே வரும் லாரிக்காரனிடம் எத்தனை முறை கத்தியிருப்பாரோ. மருமகள் சமையலறைக்கு ஓடிப்போய்ச் சிரித்தார்.

இன்ஜினியர் டிம் அடிக்கவில்லை. செடிக்கு வெளிச்சம் சாப்பாடு என்றால், நிறைய வெளிச்சம் விருந்து இல்லையா? விருந்து நடந்தது, சாப்பிட்டது பாசி. கண்ணாடி பச்சையாயிற்று. பிறகு தண்ணீரே பச்சையாயிற்று.

"செடி வளருதுன்னு அர்த்தம்."

"செடி எங்கங்க?"

"உள்ள இருக்கும்."

"மீனு?"

"அதுவும் உள்ளதான் இருக்கும்."

தொட்டியைக் காலி செய்து கழுவி, விளக்கைப் பிரித்து, திரும்பக் கட்டி, மறுபடி பிரித்து, அவர் தொட்டியடியிலேயே குடியேறிவிட்டார். அலுவலகத்திலிருந்து வந்ததும் பனியனோடு தரையில். மனைவி டார்ச்சோடு மேலே. "இங்க இல்ல, அங்க." எழும்போதெல்லாம் தொட்டி வைத்த ஸ்டாண்டில் தலை இடிக்கும். "அம்மா!" மறுபடி குனிவார். மறுபடி இடிக்கும். எத்தனை முறை இடித்தாலும் அந்த ஸ்டாண்டு அங்கே இருப்பது அவர் நினைவில் நிற்கவில்லை. அப்பாவுக்கு இடது பக்கம் இல்லாதது போல மகனுக்கு மேல்பக்கம் இல்லை.

அப்போதுதான் பிசியோ பெண் வந்திருந்தாள். வழக்கம்போல் தட்டைப் பார்த்தாள். இடது பாதியிலும் பெரியவர் கை வைத்திருந்தார். கன்னத்தைப் பார்த்தாள். இடது கன்னத்திலும் சவரம், காயத்தோடு.

"நர்சம்மா, இடது பக்கம் திரும்பறாரே! எதைப் பாத்து? தொட்டி பச்சைத் தண்ணியால்ல இருக்கு!"

எனக்கும் விளங்கவில்லை. அந்தச் சமயம் இன்ஜினியர் தரையைத் தடவிக்கொண்டிருந்தார். எறும்புத் தலை அளவு திருகாணி ஒன்று கை தவறிப் போயிருந்தது. டார்ச் அங்கே போயிற்று, இங்கே போயிற்று. புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் குறை சொன்னார்கள். கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"கால்... கீழ."

எல்லோரும் நிமிர்ந்தோம். பெரியவரின் தலை முழுக்க இடது பக்கம் திரும்பியிருந்தது. கோணிய வாயில் சிரிப்பு.

"உன் கால்... கீழடா. மடையா."

இன்ஜினியர் காலைத் தூக்கினார். இருந்தது.

தட்டின் பாதியைப் பார்க்க முடியாமல் இருந்தவர், இடது மூலையில், தரையில் கிடந்த திருகாணியைப் பார்த்துவிட்டார். பிசியோ பெண் என்னைப் பார்த்தாள். அவர் மீனையே பார்க்கவில்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. அவர் பார்த்துக்கொண்டிருந்தது மகனை. லாரி ஓட்டிப் பழகியவருக்கு, பக்கத்தில் ஒருவன் தப்பாக ரிப்பேர் பார்த்தால் திரும்பிப் பார்க்காமல் இருக்க முடியுமா?

இப்படியே இருந்திருந்தால் கதை சுபம். நானே செய்வாரிடம் இருக்கிற ஒரே ஆபத்து, எப்போதாவது அவர் ஜெயித்துவிடுவார்.

மூன்றாவது விளக்கு நன்றாக அமைந்துவிட்டது. பட்டைகளைக் குறைத்தார். விளக்கை உயரத் தூக்கினார். காலையில் தானாக எரிந்து சாயங்காலம் தானாக அணைய ஒரு டைமர் வைத்தார். பாசி போயிற்று. இலைகளில் முத்து முத்தாகக் காற்றுக் குமிழி நின்றது. மீன்கள் வரிசையாக வந்து போயின. பொய் சொல்லக் கூடாது, அழகாகத்தான் இருந்தது. அலுவலகத்திலிருந்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினார். கடைக்காரருக்குப் படம் அனுப்பினார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு சோபாவில் போய் உட்கார்ந்து தம் படைப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

சோபா எங்கே இருக்கிறது? வலது பக்கம்.

பெரியவர் தொட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மீன் வருகிறது, போகிறது. யாருக்கும் தலை இடிக்கவில்லை. எதுவும் கீழே விழவில்லை. மெல்ல வலது பக்கம் திரும்பிக்கொண்டார். மறுநாள் தட்டின் இடது பாதி அப்படியே இருந்தது. அதற்கடுத்த நாளும். வருகிற வாரம் வாக்கர் கொடுத்துப் பார்க்கலாம் என்று சொல்லியிருந்த பிசியோ பெண் தட்டைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். பெட்பேனை எடுத்துக்கொண்டு போனேன். பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார்.

செய்ய வேண்டியது தெளிவாக இருந்தது. தொட்டிக்கு முன்னால் போய் நின்று தலையைச் சாய்த்தேன்.

"தம்பி, நான் ஒண்ணு சொன்னா தப்பா நெனைக்கக் கூடாது."

"சொல்லுங்க நர்சம்மா."

"அந்தக் கடைசி மூலையில வெளிச்சம் கொஞ்சம் கம்மியாத் தெரியுது. எனக்குத்தான் கண்ணு சரியில்லையோ என்னமோ."

சோபா கிறீச்சிட்டது. மனைவி சமையலறை வாசலில் நின்று என்னைப் பார்த்தார், மாமனாரைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். கெட்டிக்காரி.

"ஆமாங்க. நானும் சொல்லணும்னு நெனச்சேன். அந்த மூலைச் செடி வாடின மாதிரிகூட இருக்கு."

செடி திடமாக நின்றுகொண்டிருந்தது. இன்ஜினியர் அதற்குள் தொட்டியடியில் இருந்தார்.

"இதுல என்ன இருக்கு? இன்னொரு பல்புத் தட்டு சேர்த்தாப் போதும். ரெண்டே நிமிஷம். கொஞ்சம் டார்ச்சைப் பிடி."

இந்த முறை டார்ச்சை நான் பிடித்தேன். திருகாணி டப்பாவை என் முழங்கை தட்டிவிட்டது. வயதாகிவிட்டால் கை சொன்னபடி கேட்பதில்லை. மொத்தமும் இடது பக்கம் உருண்டது.

"அங்க... ஒண்ணு!" கட்டிலில் குரல் எழுந்தது. "ஸ்டாண்டுக்கு... பின்னால. கண்ணு இல்லியாடா?"

இரண்டே நிமிஷ வேலை இரண்டு வாரம் ஓடியது. சாப்பாட்டுத் தட்டு காலியானது. இரண்டு கன்னமும் ஒன்று போலாயின. பிசியோ பெண் வாக்கரோடு வந்தாள்.

மத்தியானம். பெரியவர் எழுந்து நின்றார். இடது கையை நாங்கள் வாக்கரில் பொருத்திவிட்டோம். ஓர் அடி. இன்னோர் அடி. நான் பின்னால் இடுப்புப் பட்டையைப் பிடித்திருந்தேன். பிடித்திருப்பது அவருக்குத் தெரியாத அளவுக்கு. அறைக் கதவு நெருங்கியது. இடது நிலையில் இடிப்பாரா? நின்றார். தலையைத் திருப்பினார். நிலையைப் பார்த்தார். குறுகிய பாலத்தில் லாரியை விடுகிறவர் போல அளவெடுத்து, ஒதுங்கி, கடந்தார். மருமகள் வாயைப் பொத்திக்கொண்டார். வராந்தா கடந்தது. பாத்ரூம் கதவு வந்தது. அதையும் இடிக்காமல் தாண்டி உள்ளே போனார். கையை நீட்டிச் சுவிட்சைப் போட்டார்.

எரியவில்லை.

மறுபடி போட்டார். ஜன்னல் இல்லாத பாத்ரூம். கும்மிருட்டு.

எல்லோரும் இன்ஜினியரைப் பார்த்தோம். அவர் திறந்திருந்த அறைக் கதவு வழியே தொட்டியின் கடைசி மூலையைப் பார்த்தார். அங்கே அன்று காலைதான் புதிதாகச் சேர்ந்த வட்டத் தட்டு ஒன்று, வாடாத செடியின்மேல் பிரகாசமாக எரிந்துகொண்டிருந்தது.

"டெஸ்டிங்ல..." என்று ஆரம்பித்தார்.

இருட்டுக்குள்ளிருந்து, குழறாமல், பழைய லாரிக் குரல் வந்தது:

"டேய்! வந்து டார்ச்சைப் பிடிடா!"

பிடித்தார். மகன் டார்ச் பிடித்து அன்றுதான் பார்த்தேன். சரியாகப் பிடிக்கத் தெரியவில்லை. "அங்க இல்ல, இங்க," என்று உள்ளிருந்து திட்டு விழுந்துகொண்டே இருந்தது. மனைவி சுவரில் சாய்ந்து நின்று அதைச் சாவகாசமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நல்ல வேளை, நம் வீட்டில் இப்படி யாரும் இல்லை என்கிறீர்கள். சந்தோஷம். உங்களை மட்டும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். முதல் விளக்கின் பசை இளகியபோது, "அதுக்கு வேற பசை இருக்கே" என்று உங்களுக்குத் தோன்றியதா? இரண்டாவது விளக்கு கண்ணைக் கூசச் செய்தபோது, "ஒரு சின்ன ரெகுலேட்டர் போட்டிருந்தால் முடிந்தது, இதுல என்ன இருக்கு" என்று முணுமுணுத்தீர்களா? அந்தச் சானல் என்ன அகலம் என்று நான் சொல்லாமல் விட்டது உங்களை உறுத்துகிறதா?

அப்படியானால் தயவுசெய்து புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள். மெதுவாக; மேலே ஸ்டாண்டு ஏதாவது இருக்கும். உங்களுக்குப் பக்கத்தில் ஒருவர் வெகு நேரமாக டார்ச்சோடு நின்றுகொண்டிருப்பார். கை வலிக்கிறது அவருக்கு.

வலது பக்கம் இல்லையா? இடது பக்கம் பாருங்கள்.